கோப்பையை வென்றுவிட்டுக் கீழே இறங்கினால் லாபமா, நஷ்டமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நீங்களும் விடுதி அறை நண்பரும் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் ஆடும் ஒரே அணிக்கு ரசிகர்கள். அணி 16-ஆவது இடத்தில் தடுமாறுகிறது, கடைசி மூன்று இடத்துக்குள் விழுந்தால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும்; ஆனால் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில் காலிறுதி வரை வந்துவிட்டது. லீக்தான் முக்கியம் என்று மேனேஜர் காலிறுதியில் பாதி டீமை உட்கார வைக்கப்போகிறார். "கோப்பையைத் தூக்கிவிட்டு இறங்கினாலும் பரவாயில்லை" என்பது உங்கள் கட்சி. "இறங்கினால் கிளப்பே காலி, கோப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?" என்பது அவர் கட்சி. எது பெரிது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு இரண்டு விஷயம் என்று தோன்றுகிறது. காலிறுதியில் முழு பலத்தோடு ஆடினால் அது லீக்கில் நம்மைக் கவிழ்த்துவிடுமா? அப்படியே கவிழ்ந்தாலும் கிளப் தாங்குமா? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் எது பெரிது என்று பேசினால் விடியவிடியப் பேசலாம், முடிவு வராது.

நான் காரைக்குடியில் ஆடிட்டராகத் தொழில் செய்கிறேன். கல்லூரி அணியில் லெஃப்ட் பேக் ஆடியிருக்கிறேன். எங்கள் ஊர் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) டோர்னமென்டுக்கு வரவு செலவு எழுதுவதும் நான்தான். இங்கிலாந்து கிளப்புகள் ஒவ்வொரு வருடமும் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்குகளை, அந்நாட்டு நிறுவனப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம். பல வருடமாக அவற்றைப் படித்து வருகிறேன். என் பதில் அந்தக் கணக்குப் புத்தகத்தின் பக்கமிருந்துதான் வருகிறது. மைதானத்துக்குள் உடற்பயிற்சி, காயம், களைப்பு பற்றியெல்லாம் ஒரு பயிற்சியாளர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் கால்பந்து என்றால் நாக்-அவுட்தான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் என்று எந்த ஊரில் வளர்ந்தவரைக் கேட்டாலும், பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ நடக்கும் செவன்ஸ்தான் முதல் நினைவாக இருக்கும். நுழைவுக் கட்டணம் கட்டுவார்கள், வெளியூரிலிருந்து இரண்டு நல்ல ஆட்களைக் கூட்டிவருவார்கள், காலையில் தோற்றால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்விடுவார்கள். அடுத்த வருடம் அதே கட்டணத்தைக் கட்டி அதே போட்டிக்கு வரலாம். தோற்றதற்காக யாரும் உங்களைக் கீழே தள்ளுவதில்லை. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பார்த்து வளர்ந்தவர்களுக்கும் இதே கதைதான். சென்னையின் எஃப்.சி. 2017-18-ல் சாம்பியன். அடுத்த சீசனில் பத்து அணிகளில் பத்தாவது இடம், வெறும் 9 புள்ளி. அதற்கடுத்த சீசனில் மறுபடி இறுதிப்போட்டி. இங்கிலாந்தாக இருந்திருந்தால் அந்த மூன்றாவது சீசனைக் கீழ் டிவிஷனில் ஆடியிருப்பார்கள். அதனால் "இறங்கினால் என்ன?" என்று நம்மால் எளிதாகச் சொல்லிவிட முடிகிறது, இறங்குவது எப்படிப்பட்ட விஷயம் என்று நம் ஊர்க் கால்பந்து நமக்குக் காட்டியதே இல்லை. இந்த இடத்தில் உங்கள் நண்பர் உங்களைவிடச் சரியாகப் பார்க்கிறார்.

பணக் கணக்கில் சந்தேகத்துக்கு இடமில்லை. பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கே லீக்கிலிருந்து வரும் பங்கு இப்போது 10 கோடி பவுண்டுக்கு மேல். எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியை வென்றால் பரிசு சுமார் 20 லட்சம் பவுண்டு. முந்தைய சுற்றுகளைச் சேர்த்தாலும் 40 லட்சத்தை ஒட்டித்தான் வரும். இன்னொரு நாக்-அவுட் போட்டியான லீக் கோப்பை இன்னும் மோசம், வென்றவருக்கு ஒரு லட்சம் பவுண்டு. இறங்கும் கிளப்பை ஒரே நாளில் தெருவில் விட்டுவிடக் கூடாது என்று 'பாராசூட்' தொகை கொடுக்கிறார்கள்: ஒளிபரப்பு வருமானத்தில் எல்லாக் கிளப்புக்கும் சமமாகப் பிரிக்கும் பங்கில் முதல் வருடம் 55 சதவீதம், இரண்டாம் வருடம் 45, மூன்றாம் வருடம் 20. ஒரே சீசன் மேலே இருந்துவிட்டு இறங்கினால் மூன்றாம் வருடத் தொகை கிடையாது. ஆகக் கோப்பைக்கும் லீக்கில் நிலைப்பதற்கும் பணத்தில் போட்டியே இல்லை. மேனேஜர் பாதி டீமை உட்கார வைப்பதற்குக் காரணம் அவருடைய கோழைத்தனம் அல்ல, மேலே இருக்கும் நிர்வாகிகள் அவரிடம் காட்டும் இந்த எண்கள்தான்.

இனி விகன் அத்லெடிக். உங்கள் வாதத்தில் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறீர்கள், நண்பரும் அதே பெயரைச் சொல்லித்தான் மறுத்திருக்கிறார். இருவருமே பாதிக் கதையைத்தான் சொல்கிறீர்கள் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன். ரக்பி ஊர் அது. 1978-ல்தான் அந்தக் கிளப் இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக்குக்குள்ளேயே வந்தது. 2005-ல் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அதன் உரிமையாளர் டேவ் வீலன், 1960 எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியில் பிளாக்பர்ன் அணிக்காக ஆடும்போது வெம்ப்ளி மைதானத்தில் கால் முறிந்தவர். 2013 மே 11 அன்று அதே வெம்ப்ளியில் அவருடைய அணி மான்செஸ்டர் சிட்டியைச் சந்தித்தது. 84-ஆவது நிமிடத்தில் சிட்டியின் சபலேட்டா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். 91-ஆவது நிமிடத்தில் ஷான் மலோனி கார்னர் அடித்தார், மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த பென் வாட்சன் தலையால் தட்டி உள்ளே போட்டார். அந்த வாட்சனும் ஆறு மாதத்துக்கு முன் கால் முறிந்து கிடந்தவர். 1-0. மூன்றே நாளில், செவ்வாய்க்கிழமை, ஆர்சனலிடம் 4-1 என்று தோற்று விகன் லீக்கிலிருந்து இறங்கியது. எஃப்.ஏ. கோப்பையை வென்ற அதே சீசனில் இறங்கிய ஒரே அணி அதுதான்.

"பார்த்தாயா, கோப்பைதான் அவர்களைக் கெடுத்தது" என்பது நண்பரின் வாதம். கோப்பை ஆட்டங்களால் லீக் ஆட்டங்கள் தள்ளிப்போய் மே மாதத்தில் குவிந்தது உண்மை. இறுதிப்போட்டிக்கு நான்கு நாள் முன்பு சொந்த மைதானத்தில் ஸ்வான்சீயிடம் 3-2 என்று தோற்றதும் உண்மை. ஆனால் அந்த சீசனில் விகன் வாங்கிய கோல்கள் 73, எடுத்த புள்ளி 36. அதற்கு முந்தைய வருடங்களிலும் கடைசி வாரங்களில் தப்பிப் பிழைத்துக்கொண்டிருந்த அணிதான் அது. ஒரு பிரீமியர் லீக் அணி எஃப்.ஏ. கோப்பையை வெல்ல ஆறே ஆட்டம் ஆடினால் போதும். 38 லீக் ஆட்டத்தில் 73 கோல் வாங்கியதற்கு சில கோப்பை ஆட்டங்களைக் காரணம் காட்டுவது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத கணக்கு.

கோப்பை ஓட்டம் அணியைக் கீழே இழுக்குமா என்பதில் உறுதியாகப் பேச ஆதாரம் போதாது. உதாரணங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 1985-ல் லீக் கோப்பை இறுதியில் சண்டர்லாந்தை வென்ற நார்விச் இறங்கியது. தோற்ற சண்டர்லாந்தும் இறங்கியது. 2011 பிப்ரவரியில் ஆர்சனலை 2-1 என்று வென்று லீக் கோப்பையைத் தூக்கிய பர்மிங்ஹாம், மே மாதம் கடைசி நாளில் 39 புள்ளியோடு இறங்கியது. மறுபக்கம், 1994-95-ல் எவர்ட்டன் நவம்பரில் பட்டியலின் அடியில் கிடந்தது. மேனேஜரை மாற்றி, 15-ஆவது இடத்தில் தப்பி, அதே மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையையும் எடுத்தது. இப்படி நாலைந்து கதைகளை வைத்துக்கொண்டு காரணகாரியம் நிறுவ முடியாது. ஆனால் இந்த விவாதத்தில் ஒரு தரப்பு எப்போதும் விடுபட்டுவிடுகிறது: கோப்பையைக் கைகழுவிவிட்டு, முக்கிய ஆட்களுக்கு ஓய்வும் கொடுத்துவிட்டு, அதற்கப்புறமும் இறங்கிய அணிகள். ஒவ்வொரு வருடமும் மூன்று அணிகள் இறங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை கோப்பையில் மார்ச் மாதத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை, ஏனென்றால் சொல்ல ஒரு கதையே இல்லை. விகனையும் பர்மிங்ஹாமையும் மட்டும் எண்ணிவிட்டு இவர்களை எண்ணாமல் விட்டால் அது ஒருதலைப்பட்சமான கணக்கு.

டாட்டன்ஹாமின் 2024-25 சீசனை இதற்கு எதிர்க்கேள்வியாகக் கொண்டுவருவார்கள். லீக்கில் 17-ஆவது இடம், 38 புள்ளி, 22 தோல்வி. ஆனால் பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக் கோப்பை. லீக்கைத் தியாகம் செய்து கோப்பையை எடுத்தார்கள் என்று அதைப் புகழ்கிறார்கள். அந்த வருடம் 18-ஆவது இடத்தில் முடிந்த லெஸ்டருக்கு 25 புள்ளிதான் இருந்தது. பதின்மூன்று புள்ளி இடைவெளி இருக்கும்போது லீக்கை ஓரமாக வைப்பதில் ஆபத்து எதுவும் இல்லை. உங்கள் அணி அப்படிப்பட்ட இடத்தில் இல்லை என்பதால் அந்த உதாரணத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, இறங்கினால் கிளப் தாங்குமா என்பது. இதுதான் என் தொழிலுக்கு நெருக்கமான கேள்வி, இதில்தான் எனக்கு அழுத்தமான கருத்தும் இருக்கிறது. இறங்குவது ஒரு கிளப்பைக் கொல்வதில்லை. இறங்கவே மாட்டோம் என்று நம்பி எழுதிய சம்பள ஒப்பந்தங்கள்தான் கொல்கின்றன. போர்ட்ஸ்மத் 2008-ல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. தாங்க முடியாத சம்பளத்தில் கூட்டிவந்த அணி அது. 2010 பிப்ரவரியில் கிளப் திவால் நிர்வாகத்துக்குள் போனது. பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே அந்த நிலைக்குப் போன முதல் கிளப். ஒன்பது புள்ளி வெட்டப்பட்டு லீக்கிலிருந்து இறங்கியது, அந்த மே மாதமே இன்னொரு எஃப்.ஏ. கோப்பை இறுதியில் செல்சியிடம் 1-0 என்று தோற்றது. 2013-ல் நான்காம் டிவிஷனில் இருந்தது. கடைசியில் ரசிகர்கள் சேர்ந்துதான் கிளப்பை வாங்கி நிமிர்த்தினார்கள். அதன் கடன்காரர்கள் பட்டியலைப் படித்தபோது எனக்கு மனது வலித்தது. மைதானத்தில் முதலுதவிக்கு வரும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்புக்குக்கூடப் பாக்கி வைத்திருந்தார்கள். இங்கிலாந்து கால்பந்து விதிப்படி வீரர்களின் சம்பளமும் மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டியதும் முழுதாகக் கொடுபடும்; ஆம்புலன்ஸ்காரர், உள்ளூர்க் கடைக்காரர் போன்றவர்களுக்குக் கிடைப்பது பவுண்டுக்குச் சில பென்ஸ். இதுவும் கோப்பை வென்ற கிளப்தான். விகன் வென்ற கோப்பையும் போர்ட்ஸ்மத் வென்ற கோப்பையும் ஒன்றல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

செட்டிநாட்டுக்காரருக்கு இதை விளக்க ரொம்பச் சிரமப்பட வேண்டியதில்லை. 1942-ல் பர்மாவில் ஜப்பான் நுழைந்து ரங்கூன் வரவு நின்றபோது, அந்த வரவு என்றைக்கும் வரும் என்று வீட்டுச் செலவைக் கட்டமைத்திருந்த குடும்பங்கள் நிலைகுலைந்தன. தேக்குத் தூண்களையும் கதவுகளையும் பெயர்த்து விற்ற வீடுகள் உண்டு. வரவு குறைந்தால் செலவும் குறையும்படி வைத்திருந்தவர்களின் வீடுகளில் இன்றைக்கும் பேரன் பேத்தி கல்யாணம் நடக்கிறது. வரவு நின்றது இருவருக்கும்தான்.

கால்பந்தில் அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ரெலிகேஷன் ஷரத்து. அணி இறங்கினால் சம்பளம் தானாக இத்தனை சதவீதம் குறையும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது. 2017-ல் சண்டர்லாந்து இறங்கியபோது பெரும்பாலான வீரர்களுக்கு அந்த ஷரத்து இருந்தது, பெரிய சம்பளக்காரர் ஒருவருக்கு மட்டும் இல்லை. கீழ் டிவிஷனில் அந்த ஒரு சம்பளம் கிளப்பின் கழுத்தை நெரித்தது. அடுத்த வருடமே மறுபடி இறங்கியது. மேலே வர 2025 ஆனது. விகனுக்கு வருவோம். இறங்கிய அடுத்த சீசனில் அவர்கள் ஐரோப்பியப் போட்டியில் ஆடினார்கள், எஃப்.ஏ. கோப்பையில் மறுபடி சிட்டியை அதன் மைதானத்திலேயே வீழ்த்தி அரையிறுதி வரை போனார்கள், மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கும் தகுதி பெற்றார்கள். 2020-ல் திவால் நிர்வாகத்துக்குப் போனது உண்மை. ஆனால் அது கிளப் புதிய உரிமையாளர் கைக்கு மாறிய சில வாரங்களில் நடந்தது. ஏழு வருடம் முன்பு வென்ற கோப்பையின் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை.

நம் நாட்டிலும் ஒரு உதாரணம் இருக்கிறது. கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் 2013-ல் டியூரண்ட் கோப்பையை வென்றது. அதற்கு முன் வென்றது 1940-ல். அதே சீசனில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டும் கிடைத்தது. சீசன் முடிவில், அப்போது நாட்டின் முதல் டிவிஷனாக இருந்த ஐ-லீக்கிலிருந்து இறங்கியது. 2023-24-ல் ஐ-லீக்கையே வென்று ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறியது. இடையில் பத்து வருடம் போனது சாதாரண விஷயமில்லை. அதையும் கோப்பையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஜெர்மனியில் கைசர்ஸ்லாட்டர்ன் 1996-ல் இறங்கிய ஒரு வாரத்தில் ஜெர்மன் கோப்பையை வென்றது. உடனே மேலே வந்து 1998-ல் நாட்டுக்கே சாம்பியன் ஆனது. கேட்க உற்சாகமாக இருக்கும், ஆனால் அதை நம்பி யாரும் திட்டம் போட முடியாது.

நிலைப்பதே போதும் என்பவர்கள் எவர்ட்டனை ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. 1954-க்குப் பிறகு அந்தக் கிளப் முதல் டிவிஷனை விட்டு இறங்கியதே இல்லை. கடைசியாக வென்ற பெரிய கோப்பை, மேலே சொன்ன அந்த 1995. 2022-ல் கடைசி நேரத்தில் தப்பினார்கள். 2023-ல் கடைசி நாளில் போர்ன்மத்தை 1-0 என்று வென்று தப்பினார்கள். அடுத்த சீசனில் நிதி விதிமீறலுக்காக எட்டுப் புள்ளி வெட்டப்பட்டும் தப்பினார்கள். கணக்கு எழுதுகிறவனாக எனக்கு அது பெரிய சாதனை. இறங்கியிருந்தால் 2025-ல் திறந்த புது மைதானத்தின் கடனை எப்படிச் சுமந்திருப்பார்கள் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்பைக்குப் பின் 1995-லேயே பிறந்த எவர்ட்டன் ரசிகருக்கு இன்று வயது முப்பதை எட்டிவிட்டது. தன் அணி ஒரு கோப்பையைத் தூக்கி அவர் பார்த்ததில்லை. 2025-ல் கிரிஸ்டல் பேலஸ் தன் வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பையை வென்றபோதும், நியூகாசில் 1955-க்குப் பிறகு முதல் உள்நாட்டுக் கோப்பையை வென்றபோதும், அந்த ஊர்களில் அறுபது எழுபது வயதுக்காரர்கள் குழந்தை போல அழுததை நீங்களும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். நான் படிக்கும் ஆண்டுக் கணக்கில் அது எந்த வரியிலும் வராது. வராததால் அதற்கு மதிப்பில்லை என்று எந்த ஆடிட்டரும் சொல்லிவிடக் கூடாது. லீக்கில் நிலைப்பதற்குப் போராடுவதே, என்றாவது ஒருநாள் அப்படி ஒரு மாலை கிடைக்கும் என்பதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். இது என் விருப்பம் சார்ந்த தீர்ப்பு, எண்களால் நிரூபிக்கக்கூடியதல்ல.

ஆகவே உங்கள் காலிறுதிக்கு என் பதில்: முழு பலத்தோடு ஆட வேண்டும். ஜெயித்தால் அரையிறுதி, இறுதி என்று இன்னும் இரண்டே ஆட்டம். அவற்றுக்காக லீக் கவிழும் என்று காட்ட ஆதாரம் இல்லை. காயத்திலிருந்து இப்போதுதான் திரும்பிய ஆள் யாராவது இருந்தால் அவரை மட்டும் உட்கார வைக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவக் குழு. இதில் நான் உங்கள் கட்சி. "இறங்கினாலும் பரவாயில்லை" என்பதில் மட்டும் உடனே உங்கள் பக்கம் வர மாட்டேன். அதற்கு முன் கிளப்பின் ஆண்டுக் கணக்கை இறக்குங்கள். இரண்டு இடம் பார்த்தால் போதும். ஒன்று, மொத்த வருமானத்தில் சம்பளம் எத்தனை சதவீதம் என்பது. ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யுயெஃபா வைத்திருக்கும் உச்சவரம்பு, வீரர் செலவு 70 சதவீதம். உங்கள் கிளப்பில் சம்பளம் மட்டுமே 80, 90 என்று போனால் நண்பர் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டாவது, பின்னால் குறிப்புகளில் 'கோயிங் கன்சர்ன்' (கிளப் தொடர்ந்து இயங்க முடியுமா) என்ற தலைப்பில் வரும் பத்தி. அணி இறங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம், ஒப்பந்த ஷரத்துகளால் செலவு குறையும், பன்னிரண்டு மாதத்துக்குப் பணம் போதும் என்று எழுதியிருந்தால் நிம்மதியாகக் கோப்பைக்கு ஆசைப்படலாம். உரிமையாளர் தொடர்ந்து பணம் போட்டால்தான் ஓடும், அதிலும் பெரிய நிச்சயமின்மை இருக்கிறது என்று ஆடிட்டர் தனியாகச் சுட்டியிருந்தால், அந்தக் கிளப் இறங்கினால் முதலுக்கே மோசம். அப்போது நண்பர் சொல்வதுதான் சரி.

கிளப் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுதினால், கடைசியாகத் தாக்கலான கணக்கைப் படித்துவிட்டு அந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்று இங்கேயே சொல்கிறேன்.